செப்டிக் டாங்கும் கரண்ட் கட்டும்



தலைப்பைப் பார்த்ததும் சிலர் முகத்தைச் சுளிக்கப் போவது எனக்குத் தெரியும். "இதெல்லாம் ஒரு விஷயமா? காப்பி குடிக்கிற நேரத்தில் படிக்கிறதா இது?" என்று கேட்பீர்கள். பரவாயில்லை. காப்பி குடித்து முடித்து, குழந்தை தூங்கின பிறகு படியுங்கள். வடாம், வற்றல், ஊறுகாய் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேசிவிட்டோம். ஆனால் நாம் தினமும் மிதித்துக்கொண்டு போகிற அந்தச் சிமெண்ட் மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

பேச வைத்தது ஒரு கடிதம். தஞ்சாவூர்ப் பக்கம் புதிதாகப் போட்ட நகரில் வீடு கட்டிக் குடிபோயிருக்கும் இளம் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"அக்கா, எங்கள் ஏரியாவில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டாங்க்தான். மழைக்காலத்தில் கரண்ட் போனால் திரும்பி வர ஒரு நாள், சில சமயம் ரெண்டு நாள் ஆகிறது. அந்த நேரத்தில் கழிப்பறையை உபயோகிக்கலாமா? டாங்க் நிரம்பி வழிந்துவிடுமா? வீட்டில் ரெண்டு வயசுக் குழந்தையும், மூட்டுவலிக்கார மாமியாரும் இருக்கிறார்கள். போன மழையில் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. 'யாராவது ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறக்கிச் சுத்தம் பண்ணிடலாம்' என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?"

மற்றக் கேள்விகளுக்குச் சாவகாசமாகப் பதில் சொல்கிறேன். கடைசி வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு மட்டும் முதலிலேயே பதில்: வேண்டாம் தங்கச்சி. யாரையும் இறக்க வேண்டாம். அரை நிமிஷத்துக்குக்கூட வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

மோரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி அசைக்காமல் வைத்துவிட்டால் என்ன ஆகும்? கெட்டியானது அடியில் தங்கும். தண்ணீர் தெளிந்து மேலே நிற்கும். செப்டிக் டாங்கும் அப்படித்தான். கனமானது கசடாக அடியில் படிகிறது. எண்ணெய், சோப்பு நுரை போன்ற லேசான சமாசாரங்கள் ஏடு மாதிரி மேலே மிதக்கின்றன. நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் அடுத்த பக்கத்துக் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்குகிறது. அடியில் தங்கிய கசடைக் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்று கரைக்கின்றன.

இந்த வேலைக்குக் கரண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். தண்ணீர் தானாகப் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது, அவ்வளவுதான். ஆகவே கடிதம் எழுதிய சகோதரிக்கும், அதே பயத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி: சாதாரண வீட்டு செப்டிக் டாங்க் கரண்ட் போனதற்காக நிரம்பி வழியாது. கழிப்பறையைத் தாராளமாக உபயோகிக்கலாம்.

டாங்குக்கு வேண்டியது அமைதிதான். மோர்ப் பாத்திரத்தில் ஒரு குடம் தண்ணீரை வேகமாகக் கொட்டினால் அடியில் தெளிந்ததெல்லாம் கலங்கி மேலே வந்துவிடும் இல்லையா? அதே போல ஒரே நேரத்தில் ஏராளமாகத் தண்ணீர் பாய்ந்தால் கசடு கலங்கி உறிஞ்சு குழிக்குள் போய்விடும். அங்கே மண்ணின் கண்களெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் இறங்காது. கழிப்பறையில் 'களக் களக்' என்று சத்தம், நாற்றம், எதிர்த்துக்கொண்டு வருவது எல்லாம் இதன் விளைவுதான்.

இந்திய தர நிர்ணயத்தின் 1985-ஆம் வருஷத்து விதிகளின்படி 5 பேர் இருக்கும் வீட்டுக்கு டாங்க் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர். கணக்குப் போட்டால் 1125 லிட்டர் வருகிறது. இப்போது யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாஷிங் மெஷினை நாலு தடவை ஓட விட்டு, வீட்டையும் கழுவிவிட்டு, எல்லோரும் தலைக்குக் குளித்து, அத்தனை தண்ணீரையும் அதே டாங்கில் விட்டால் அது என்ன செய்யும், பாவம்!

துணி துவைக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் இவற்றைத் தனியாகப் பிரித்து வாழை, கல்வாழைப் பாத்திக்கு விட்டுவிட்டால் டாங்குக்குப் பாதிப் பாரம் குறையும். வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டி முடித்தவர்கள் துவைக்கிற நாளையாவது வாரத்தில் ரெண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எதைப் போடக் கூடாது?

என் அனுபவத்தில் அடைப்புக்குக் காரணம் முக்கால்வாசி நாம் உள்ளே போடுகிற பொருள்கள்தான். சானிடரி நாப்கின், குழந்தையின் டயபர், ஈரத் துடைப்புத் தாள், பஞ்சு, தலைமுடி, பிளாஸ்டிக் கவர், மருந்துப் பட்டை எதையும் கழிப்பறையில் போடவே கூடாது. துடைப்புத் தாள் உறையில் 'கழிப்பறையில் போடலாம்' என்றே அச்சடித்திருந்தாலும் நம்பாதீர்கள். டயபரில் இருக்கிற மலத்தை மட்டும் கழிப்பறையில் கொட்டி விட்டு, டயபரைச் சுருட்டிக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்காரரிடம் தனியாகக் கொடுங்கள். கழிப்பறை மூலையில் மூடி போட்ட சின்னக் குப்பைத் தொட்டி ஒன்று வைத்தால் விருந்தாளிகள்கூடக் கேட்காமலே புரிந்துகொள்வார்கள்.

அப்பளம் பொரித்த எண்ணெய், சாதம் வடித்த கஞ்சியின் அடி, காப்பித்தூள் சக்கை, இவையும் அங்கே போகக் கூடாது.

அடுத்தது ஆசிட். பண்டிகைக்கு முன்னால் ஒரு பாட்டிலை அப்படியே கவிழ்ப்பது நம்மில் பலருக்கு வழக்கம். நுண்ணுயிர்கள்தான் டாங்கின் வேலைக்காரர்கள் என்று சொன்னேனே, ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் அளவுக்கு மீறிப் போனால் அவற்றைக் கொன்றுவிடும். வாரம் ஒரு முறை கொஞ்சமாக விட்டு, பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். இன்னொன்று: ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய சின்னக் கழிப்பறையில் அது மூச்சையே அடைத்துவிடும்.

"கடையில் ஒரு பவுடர் விற்கிறதே, அதைப் போட்டால் டாங்கைச் சுத்தம் பண்ணவே வேண்டாமாமே?" என்று ஒருத்தி கேட்டாள். எதைப் போட்டாலும் கசடு சேரத்தான் செய்யும், எடுக்கத்தான் வேண்டும். புது டாங்க் என்றால் மட்டும், முதலில் தண்ணீர் நிரப்பி, மக்கிய சாணியைக் கொஞ்சம் கரைத்து விடுவது உண்டு. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி.

கரண்ட் போனால்...

டாங்குக்குக் கரண்ட் வேண்டாம் என்றேன். ஆனால் மோட்டாருக்கு வேண்டுமே! மோட்டார் ஓடாவிட்டால் மாடித் தொட்டி காலியாகிவிடும், கழிப்பறைக்குத் தண்ணீர் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் எத்தனையோ வீடுகளுக்கு நாள் கணக்கில், வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த ஊர்ச் சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புயல் எச்சரிக்கை வந்ததுமே மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கென்று தனியாக ரெண்டு டிரம் தண்ணீர் பிடித்து வையுங்கள். துணி அலசின தண்ணீர், காய்கறி கழுவின தண்ணீர்கூடப் போதும். நம் ஊர் உட்காரும் பீங்கானுக்கு ஒரு தடவைக்கு 2 லிட்டர் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினால் போய்விடும். மேல்நாட்டுப் பீங்கானுக்கு அரை வாளி வேண்டும். சொம்பு சொம்பாக ஊற்றினால் தண்ணீர்தான் வீணாகும். சற்று உயரத்திலிருந்து ஒரேயடியாக ஊற்ற வேண்டும்.

தவழும் குழந்தை, நடை பழகும் குழந்தை உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை. பிடித்து வைத்த டிரம்முக்கும் வாளிக்கும் மூடி போட்டு, கழிப்பறைக் கதவை வெளியே தாழ் போடுங்கள். கொஞ்ச ஆழத் தண்ணீரிலேயே குழந்தை தலைகுப்புற விழுந்தால் சத்தமே வராது. இருட்டில் நாம் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருக்கும் நேரம் போதும்.

அடுத்தது, நான் பல வீடுகளில் பார்த்த விஷயம். கரண்ட் இல்லாதபோது யாரோ குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் வரவில்லை. மூடாமலே வந்துவிடுகிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வருகிறது, மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிரம்புகிறது. திறந்த குழாய் விடிய விடியக் கழிப்பறைக்குள் கொட்டுகிறது. காலையில் பார்த்தால் செப்டிக் டாங்க் ததும்பி நிற்கிறது! எல்லோரும் பழியைக் கரண்ட் மேல் போடுவோம். ஆகவே கரண்ட் போனவுடன் முதல் வேலை, வீட்டில் எல்லாக் குழாய்களையும் ஒரு சுற்று வந்து மூடுவது. கரண்ட் வந்ததும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்த துணியை ஒரே மூச்சில் துவைக்காமல் ரெண்டு மூன்று நாளாகப் பிரித்துப் போடுங்கள்.

சிலர் வீட்டில் கழிப்பறை தெருவைவிடத் தாழ்ந்து இருக்கும். கழிவை ஒரு குழியில் சேர்த்து மோட்டாரால் மேலே ஏற்றுவார்கள். அந்த வீடுகளில் மட்டும் நான் முதலில் சொன்னது பொருந்தாது. கரண்ட் இல்லாவிட்டால் அந்தக் குழி நிரம்பும். நிரம்பினால் தரை வழியாகத் திரும்பி வரும். அங்கே கரண்ட் வரும்வரை கீழ்க் கழிப்பறையை உபயோகிக்காமல், மேல்தளத்தில் இருப்பதை மட்டும் உபயோகியுங்கள். அடுக்குமாடிக் கட்டிடத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் இருந்தால், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் அதை ஓட்டும் என்று சங்கத்துக்காரர்களிடம் மழைக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஜெனரேட்டரையோ பெட்ரோல் மோட்டாரையோ வீட்டுக்குள்ளும், மூடிய அறையிலும், ஜன்னலடியிலும் வைக்கக் கூடாது. அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மோட்டார் நனைந்திருந்தால் யாரும் தொட வேண்டாம். தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சையும் தொட வேண்டாம். கரண்ட் இல்லை என்று தைரியமாக இருக்காதீர்கள். எந்த நிமிஷம் வரும் என்று யாருக்குத் தெரியும்? எலெக்ட்ரீஷியன் வரட்டும்.

வெள்ளம் வந்தால்...

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வீடுகளின் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தது! அப்படிப் புகும் தண்ணீரில் செப்டிக் டாங்கின் தண்ணீரும் கலந்துதான் இருக்கும். குழந்தைகளை அதில் விளையாட விடாதீர்கள். காலில் புண் இருப்பவர்கள் இறங்க வேண்டாம். தண்ணீர் பட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைக்குச் சோறு ஊட்டாதீர்கள்.

பூமியே தண்ணீரில் ஊறியிருக்கும்போது உறிஞ்சு குழி எதை உறிஞ்சும்? கழிப்பறைத் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அந்தச் சமயத்தில் லாரியைக் கூப்பிட்டு டாங்கைக் காலி பண்ணத் தோன்றும். அவசரப்படாதீர்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது காலி டாங்க், படகு மாதிரி மேலே தூக்கிக்கொள்ளப் பார்க்கும். முக்கியமாக பிளாஸ்டிக் டாங்கும், வார்த்து இறக்கிய டாங்கும். செங்கல் சுவரானால் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் உள்ளே சரியலாம். தண்ணீர் வடிந்து பூமி காயும்வரை, உபயோகத்தைக் குறைத்துச் சமாளிப்பதுதான் வழி.

கிணறு, போர்த் தண்ணீர் குடிக்கிறவர்கள், வெள்ளம் வடிந்த பிறகும் சில வாரங்களுக்குக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் கொதிக்கட்டும். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் நடுவே 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 60 அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு மனையில் இது எப்படி நடக்கும் என்கிறீர்களா? நியாயம்தான். நம் மனையில் தள்ளி வைத்தாலும் அடுத்த வீட்டுக் குழி நம் கிணற்றை ஒட்டி இருக்கும். அதனால்தான் காய்ச்சுங்கள் என்று அடித்துச் சொல்கிறேன். பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் பல் முளைக்கிறது, திருஷ்டி என்று சொல்லிக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுங்கள். குடிக்கிற தண்ணீரையும் சோதிக்கக் கொடுங்கள்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை?

ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் மூன்று வருஷம். "எங்கள் வீட்டில் பதினைந்து வருஷமாகத் திறந்ததே இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கசடெல்லாம் உறிஞ்சு குழிக்கும் நிலத்தடித் தண்ணீருக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அல்லது அது செப்டிக் டாங்கே இல்லை. அடித்தளம் போடாமல் வெறும் சிமெண்ட் உறைகளை இறக்கிய குழியாக இருக்கும். வீடு கட்டிய மேஸ்திரி இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுத்தம் பண்ணிய தேதியை எங்கே எழுதி வைப்பது? காஸ் சிலிண்டர் தேதியை எழுதுகிற அதே காலண்டரில்தான். அடுத்த வருஷக் காலண்டருக்கு மாற்ற மறக்காதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பே, ஆடிக்குள் அழைப்பது நல்லது. ஐப்பசியில் எல்லோரும் ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள். லாரியும் கிடைக்காது, கேட்ட காசும் கொடுக்க வேண்டியிருக்கும்.

உள்ளாட்சியில் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். 14420 என்ற உதவி எண்ணும் இதற்கென்றே இருக்கிறது. வந்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" செங்கல்பட்டு ஜில்லா கருங்குழி மாதிரி ஊர்களில் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டுகிற லாரி விலை குறைவாகக் கேட்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் வேறு ஒரு பெண்ணின் குடத்துக்குத்தான் போகிறது.

கசடை ஒட்ட வழித்து எடுக்க வேண்டாம். அடியில் துளி விட்டுவைத்தால் நுண்ணுயிர் மறுபடி பெருக அதுவே உறை. எடுத்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவவும் வேண்டாம்.

இறக்காதீர்கள்!

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

மூடிய டாங்குக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்ஸைடு எல்லாம் சேர்ந்திருக்கும். மூச்சு விடுவதற்கான ஆக்ஸிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை மாதிரி நாறும். அதிகமானால் மூக்கின் உணர்வையே மரத்துப் போகச் செய்துவிடும். "நாற்றம் போயிடுச்சு, இனி இறங்கலாம்" என்று நினைக்கிற அந்த நிமிஷம்தான் மிகப் பெரிய அபாயம். ரெண்டு மூன்று மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்வார். அவரைத் தூக்க மூன்றாமவர். ஒரே டாங்கில் மூன்று பேர், நாலு பேர் என்று பேப்பரில் படிக்கிறோமே, இப்படித்தான்.

"ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வெச்சாச்சு" என்பார்கள். போதாது. கசடைக் கலக்கினதும் அதற்குள் அடைந்திருந்த வாயு புதிதாகக் கிளம்பும். "விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையலை" என்பார்கள். விளக்கு விஷவாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் குபீரென்று பற்றிக்கொள்ளும். மூடி திறந்திருக்கும்போது அருகில் தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. முகத்தில் கட்டிய துணியும், கடையில் வாங்கிய மாஸ்க்கும் இந்த வாயுவைத் தடுக்காது.

எங்கள் தெருவில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நாளாக மழை, கரண்ட் இல்லை. ஒரு வீட்டில் கழிப்பறை அடைத்துக்கொண்டது. அந்த வீட்டுக்காரர் எங்கிருந்தோ ரெண்டு இளைஞர்களைக் கூட்டிவந்துவிட்டார். லாரிக்குக் கொடுக்கிற காசில் பாதிதான் கேட்டார்கள். மூடியைத் திறந்தாகிவிட்டது. ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அந்த வீட்டு மாமியார் வந்தார். எழுபது வயசுக்கு மேலே. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து திறந்த வாய்க்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சும்மா. ஒரு பொண்ணு இருக்கு."

"அப்ப கயித்தை அவுரு. அந்தப் புள்ளைக்கு யார் பதில் சொல்றது? நாங்க நாலு நாள் அடுத்த வீட்டுல போயிக்கறோம்."

மகன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. வந்த ரெண்டு பேருக்கும் காப்பியும் அன்றையக் கூலியும் கொடுத்து அனுப்பினார். வானம் வெளுத்த பிறகு லாரி வந்தது. குழாயை விட்டு இழுத்தது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. உள்ளே போகிற குழாயின் வாயில் சிக்கியிருந்தது டயபர்! அதை எடுக்கவா ஒரு மனிதன் இறங்குவது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டாங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரரும் இதற்குத் தப்ப முடியாது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தர வேண்டிய தொகையை 2014-ல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் வருமா? இந்த வேலைக்கு என்றே சிலர் பிறந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு நம் வீடுகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்துக் கழுவ வேண்டிய காலம் இது.

ஒருவேளை கண்ணெதிரே யாராவது உள்ளே விழுந்துவிட்டால், எவ்வளவு பதறினாலும் பின்னாலேயே இறங்காதீர்கள், பிறரையும் இறங்க விடாதீர்கள். உடனே 112-க்கோ, 101 தீயணைப்பு நிலையத்துக்கோ, 108-க்கோ போன் செய்யுங்கள். சுவாசக் கருவியோடு வருகிற தீயணைப்பு வீரர்கள்தான் இறங்க முடியும். கயிறை மேலிருந்தே வீசலாம்; அதற்கு மேல் வேண்டாம்.

மாதம் ஒரு பார்வை

மாதம் ஒரு நாள், ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். மூடியில் விரிசல் இருக்கிறதா? ஆடுகிறதா? குழந்தைகள் மேலே ஏறிக் குதிக்கிறார்களா? துருப்பிடித்த தகரமும் பலகையும் மூடியாகாது. சிமெண்ட் மூடிதான் வேண்டும். குழந்தை தூக்க முடியாத கனம் வேண்டும். அதன் மேல் காரையும் ஸ்கூட்டரையும் நிறுத்தாதீர்கள்.

காற்றுப்போக்கிக் குழாயின் தலையில் கொசுவலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். பழைய நைலான் வலைத் துண்டு ஒன்றைக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் போதும். ஆனால் நாற்றம் வருகிறது என்று அந்தக் குழாயைத் துணியால் அடைத்துவிடாதீர்கள்; வாயு வெளியேற அதுதான் வழி. டாங்க் வீட்டை ஒட்டி இருந்தால் அந்தக் குழாய் மொட்டை மாடிக்கு மேலே 2 மீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும்.

பிளஷ் தொட்டி ஓசையில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தொட்டியில் நாலு சொட்டு நீலம் விடுங்கள். காலையில் யாரும் இழுப்பதற்கு முன் பீங்கானைப் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் ஒழுக்கு நிச்சயம். பிளம்பரைக் கூப்பிட்டு வாஷரை மாற்றுங்கள்.

டாங்கின் மேல் வேர் பரப்பும் மரம் எதுவும் வைக்காதீர்கள். உறிஞ்சு குழிப் பக்கம் காரணமில்லாமல் புல் பச்சையாகச் செழித்தாலோ, தரை சொதசொதவென்று இருந்தாலோ குழி அடைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள்.

தஞ்சாவூர்ச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. போன மழையில் தண்ணீர் இறங்காததற்கு ஊறிய பூமி காரணமாக இருக்கலாம், சேர்ந்துபோன கசடும் காரணமாக இருக்கலாம். இப்போது வெயில் காய்கிறது. உடனே லாரிக்குச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அப்போதும் அவர் கேட்காவிட்டால், மூட்டுவலியானாலும் பரவாயில்லை என்று மாமியாரிடம் சொல்லி ஒரு நாற்காலியைப் போடச் சொல்லுங்கள்!

அடுத்த இதழில் மாடித் தொட்டியையும் தரைத் தொட்டியையும் கழுவுவது பற்றி எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கரண்ட் கட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்; நல்ல யோசனைகளை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வோம்.